கறவை மாடுகளில் மடிநோயைக் கட்டுப்படுத்துவது எப்படி: புதிதாகப் பண்ணை தொடங்குவோருக்கு

கறவை மாட்டுக்கு மடிநோய் வந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் பண்ணையைத் தொடங்குகிறோம். மடி வீங்கியிருக்கும், தொட்டால் சுடும், மாடு உதைக்கும், பால் திரிதிரியாக வரும். இவை எதுவும் இல்லையென்றால் நோயும் இல்லை என்பது நம் கணக்கு. ஏழு கலப்பின ஜெர்சிப் பசுக்களோடு தொடங்கிய முதல் ஆண்டில் நானும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தேன். சினைப் பரிசோதனைக்காக வந்த கால்நடை மருத்துவர் ஒருவர், நான்கு கிண்ணங்கள் பதித்த வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்து, நாளொன்றுக்கு 14 லிட்டர் கறந்துகொண்டிருந்த, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ஒரு பசுவின் நான்கு காம்புகளிலிருந்தும் சிறிது பாலைப் பீய்ச்சி, அதே அளவு ஊதா நிறக் கரைசலை ஊற்றி, தட்டை மெல்லச் சுழற்றினார். மூன்று கிண்ணங்களில் பால் பாலாகவே ஓடியது. பின்பக்க இடது காம்பின் கிண்ணத்தில் மட்டும் அது முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் திரண்டு, தட்டைச் சாய்த்தபோது ஒரே கட்டியாக நழுவி விளிம்பில் தொங்கியது. அந்தக் காம்பின் பாலையும் சேர்த்துத்தான் அன்று காலைவரை பால் சங்கத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெளியே தெரியாத இந்த மடிநோய்தான் எண்ணிக்கையில் அதிகம். வீக்கத்தோடு வெளிப்படும் ஒரு மாட்டுக்குப் பின்னால், அறிகுறியே காட்டாமல் பாலைக் குறைத்துக்கொண்டும் மற்ற மாடுகளுக்குக் கிருமியைக் கொடுத்துக்கொண்டும் பல மாடுகள் நின்றுகொண்டிருக்கலாம். ஐந்து முதல் இருபது மாடுகள் வரை வைத்து, கையாலோ சிறிய இயந்திரத்தாலோ கறக்கும் தமிழ்நாட்டுப் பண்ணையாளரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஊசியும் மடிக்குள் செலுத்தும் மருந்து டியூப்பும் இந்நோயில் இரண்டாவது இடத்துக்குரியவை என்பதும், காலையும் மாலையும் மாட்டின் அருகே உட்காரும் அந்தப் பத்து நிமிடங்களை ஒழுங்குசெய்வதே முதல் வேலை என்பதும் நான் செலவழித்துக் கற்றுக்கொண்டவை.

கிருமி எங்கிருந்து வருகிறது

மடிநோய்க் கிருமிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்வது வேலைக்கு உதவும். முதல் கூட்டம் மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றுவது. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்ஷியே ஆகியவை இதில் முக்கியமானவை. இவை நோயுற்ற மடிக்குள் வாழ்ந்துகொண்டு, கறப்பவரின் கை, மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் ரப்பர்க் குழல் ஆகியவற்றின் வழியே அடுத்த மாட்டின் காம்புக்குப் போகின்றன. இரண்டாவது கூட்டம் சுற்றுப்புறத்திலிருந்து வருவது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் போன்றவை சாணத்திலும் சேற்றிலும் நனைந்த படுக்கையிலும் இருந்து, கறவைக்கு இடைப்பட்ட நேரத்தில் மாடு படுக்கும்போது காம்பில் ஏறிக்கொள்கின்றன.

இரண்டுக்கும் வாசல் ஒன்றே. காம்பின் நுனியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள நுண்குழாய் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசை அதை இறுக மூடிவைக்கிறது, உள்ளே இருக்கும் மெழுகு போன்ற பொருள் கிருமியைத் தடுக்கிறது. கறந்து முடித்தவுடன் இந்தத் தசை தளர்ந்திருப்பதால், வாசல் முழுதாக மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். பின்னால் சொல்லப்போகும் நடைமுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மணி நேரத்தைக் காவல் காப்பதற்காகவே ஏற்பட்டவை.

பல மாடுகளின் பால் அந்தத் தட்டுச் சோதனையில் மட்டும் திரண்டுகொண்டே இருந்து, வீக்கம் எப்போதாவதுதான் வருகிறது என்றால் முதல் கூட்டத்தின் மீது சந்தேகம் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கன்று ஈன்று சில நாட்களே ஆன மாடுகளுக்குத் திடீரென்று கடுமையாக வருகிறது என்றால் இரண்டாவது கூட்டம். ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்லும் என்றாலும், கையைக் கவனிப்பதா தரையைக் கவனிப்பதா என்று தொடங்குவதற்கு இந்த அளவு அறிவு போதும்.

முதலில் எல்லா மாடுகளையும் சோதித்துவிடுங்கள்

நான் பார்த்த அந்தச் சோதனைக்குக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று பெயர், 1957-இல் வெளியானது. நோய் புகுந்த மடிக்குள் உடல் அனுப்பும் வெள்ளையணுக்கள் பாலில் பெருகுகின்றன. கரைசலில் உள்ள சோப்புப் பொருள் அந்த அணுக்களை உடைக்க, உள்ளிருந்து வெளியாகும் மரபுப்பொருள் கூழாகத் திரள்கிறது. கூழின் தடிமனே அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது.

செய்முறை எளிது. காம்புகளைத் துடைத்துவிட்டு, முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை விலக்கிவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் அதற்குரிய கிண்ணத்தில் சுமார் 2 மில்லி பாலைப் பிடியுங்கள். அதே அளவு கரைசலை ஊற்றிப் பத்து விநாடி சுழற்றி, சுழலும்போதே பாருங்கள். நேரம் கழித்துப் பார்த்தால் லேசான மாற்றங்கள் மறைந்துவிடும். மாற்றமே இல்லையென்றால் அந்தக் காம்பின் பாலில் ஒரு மில்லிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்கள் இருக்கும். தட்டைச் சாய்க்கும்போது மட்டும் மெல்லிய இழை தெரிந்தால் சுமார் மூன்று லட்சம். கூழாகாமல் தடித்தால் ஒன்பது லட்சம். கூழாகி நடுவில் கூடினால் 27 லட்சம். வெள்ளைக்கருவைப் போல எழும்பி நின்றால் 80 லட்சத்துக்கும் மேல். பொதுவாக இரண்டு லட்சத்தைத் தாண்டிய காம்பை நோயுற்றதாகக் கொள்கிறார்கள்.

தட்டும் கரைசலும் கிடைக்காத ஊரில், 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத் தூளைக் கரைத்து, வெள்ளைக் கிண்ணங்களில் பாலோடு சம அளவு கலந்து சுழற்றினால் ஏறக்குறைய இதே தோற்றம் கிடைக்கும். அளவு அவ்வளவு நுட்பமாக இராது. ஆனால் நோயுள்ள காம்பு எது என்று காட்டிக்கொடுத்துவிடும். கன்று ஈன்ற முதல் சில நாட்களில், சீம்பால் இருக்கும்போது, எந்தச் சோதனையும் பொய்யாகக் கூழ் காட்டும் என்பதால் அப்போது செய்ய வேண்டாம். வற்றப்போகும் மாட்டின் மிகக் குறைந்த பாலிலும் இதே மயக்கம் உண்டு.

பழைய கறவையாளர்கள் பாலை நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறது என்று சொல்லி மடிநோயைக் கண்டுபிடிப்பார்கள். அது மூடநம்பிக்கை அல்ல. வீங்கிய மடியில் பாலின் சர்க்கரை குறைந்து, இரத்தத்திலுள்ள உப்பு பாலுக்குள் கசிகிறது. சங்கத்துச் சோதனையில் கொழுப்பற்ற திடப்பொருள் அளவு இறங்குவதற்கும் இது ஒரு காரணம். ஆனாலும் காய்ச்சாத பாலை வாயில் வைப்பதைப் பின்பற்ற வேண்டாம். கன்றுவீச்சு நோய்க் கிருமி அதே பாலில் மனிதருக்கு வரும்.

முடிவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாட்டின் பெயர், தேதி, அதன் கீழே முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது என்று நான்கு கட்டம் போதும். மாதம் ஒருமுறை இதைச் செய்துவந்தால், எந்த மாட்டின் எந்தக் காம்பு பழைய குற்றவாளி, எது புதிதாகச் சேர்ந்தது என்று நான்காவது மாதத்தில் நோட்டே பேசத் தொடங்கும். என் பண்ணையில் கூலிக்குக் கறக்க வந்தவர் மாறிய மாதத்தில் மூன்று புதிய காம்புகள் சேர்ந்ததை இந்த நோட்டில்தான் கண்டேன். அவரிடம் குறை இல்லை. எங்கள் வழக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்காதது என் குறை.

கறவை: வரிசையும் கையும்

இங்கிலாந்தில் ரெடிங் நகரை அடுத்த ஷின்ஃபீல்டில் இருந்த தேசிய பால்வள ஆய்வு நிறுவனம் 1960-களில் வகுத்த ஐந்து அம்சத் திட்டம் உலகம் முழுவதும் மடிநோய்க் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையாக நிற்கிறது. கறந்த பின் காம்பை மருந்தில் நனைப்பது, நோய்கண்ட மாட்டுக்கு உடனே சிகிச்சை தருவது, ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்திவைக்கும் வற்றுக்காலத்தில் மடிக்குள் மருந்திடுவது, தீராத மாட்டைக் கழிப்பது, இயந்திரத்தைப் பழுதில்லாமல் வைப்பது என்பவை அந்த ஐந்து. நம் நாட்டில் கைக்கறவையும் கன்று ஊட்டுவதும் இருப்பதால் அவற்றை நமக்கேற்றபடி விரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் வரிசை. தலையீற்றுக் கிடேரிகளை முதலிலும், சோதனையில் சுத்தமாக இருந்த மாடுகளை அடுத்தும், கூழ் காட்டிய மாடுகளை அதன் பின்னும், வீக்கமும் சிகிச்சையும் உள்ள மாட்டைக் கடைசியாகவும் கறக்க வேண்டும். கட்டுத்தறியில் மாடு நிற்கும் ஒழுங்கில் கறந்துகொண்டு போவது வசதிதான். ஆனால் மூன்றாவதாக நிற்கும் மாட்டில் நோய் இருந்தால், நான்காவதிலிருந்து எல்லாவற்றுக்கும் நம் கையாலேயே அதைக் கொண்டுசேர்க்கிறோம். மாடுகளை இடம் மாற்றிக் கட்டிவிட்டால் ஒரு வாரத்தில் அவையே பழகிவிடும்.

கறப்பவர் நகம் வெட்டியிருக்க வேண்டும். முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு மாட்டுக்கும் இடையில் மறுபடி கழுவித் துடைக்க வேண்டும். கையில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஸ்டெபைலோகாக்கஸ் அந்த வெடிப்புகளில் வசதியாகத் தங்கும்.

மடி கழுவுவதில்தான் அக்கறையுள்ளவர்களே தவறு செய்கிறார்கள். வாளித் தண்ணீரை மடி முழுவதும் அள்ளி ஊற்றினால், தொடையிலும் மடியின் மேற்பகுதியிலும் இருந்த அழுக்கெல்லாம் வழிந்து காம்பு நுனியில் சொட்டாக நிற்கும்; அப்படியே கறந்தால் அந்தச் சொட்டு பாலிலும் விழும், காம்புக்குள்ளும் போகும். மடி சுத்தமாக இருந்தால் காம்புகளை மட்டும் சிறிது தண்ணீரில் கழுவுங்கள். கழுவியதை உலரத் துடைப்பது கழுவுவதைவிட முக்கியம். ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்ற கணக்கில் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, கறவை முடிந்ததும் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டால் செலவே இல்லை. ஒரே துண்டால் எல்லா மாட்டையும் துடைப்பதானால் துடைக்காமல் விடுவதே மேல்.

அடுத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை ஒரு டம்ளரின் வாயில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணியில் விடுங்கள். திரி, நூல், மஞ்சள் நீர், இரத்தச் சாயை எது இருந்தாலும் கறுப்பில் பளிச்சென்று தெரியும். இந்தப் பாலைத் தரையிலோ உள்ளங்கையிலோ பீய்ச்சுவது கிருமியை விதைப்பதற்குச் சமம்.

காம்பைத் தொட்டுத் துடைத்ததிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் மாடு சுரப்பு விடும். அதற்குக் காரணமான ஹார்மோனின் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே துடைத்துவிட்டுத் தவிடு கலக்கப் போகாமல் உடனே உட்கார்ந்து, அந்த நேரத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். முழுக் கையால் காம்பைப் பிடித்து அழுத்திக் கறப்பதே சரியான முறை. கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் அழுத்துவது விரைவாகத் தோன்றினாலும், உள்தோலை நாளடைவில் காயப்படுத்தித் தழும்பாக்குகிறது. விரல் வழுக்குவதற்காகப் பாலையோ எச்சிலையோ எண்ணெயையோ தொட்டுக்கொள்ளும் வழக்கத்தை அறவே விடுங்கள்.

கறந்து முடித்தவுடன் காம்பு மருந்தில் நனைய வேண்டும். புதியவர் ஒரே ஒரு வழக்கத்தைத்தான் மேற்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 0.5 முதல் 1 விழுக்காடு அயோடின் உள்ள காம்பு மருந்து கடையில் கிடைக்கும். கிடைக்காத இடத்தில் 10 விழுக்காடு போவிடோன் அயோடின் கரைசல் 90 மில்லியுடன் கிளிசரின் 10 மில்லி சேர்த்துக்கொள்ளலாம். போவிடோன் அயோடின் புட்டியில் எழுதியிருக்கும் விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்குதான் உண்மையான அயோடின் என்பதைக் கவனியுங்கள். அந்த 10 விழுக்காடு கரைசலில் இருப்பது 1 விழுக்காடு அயோடின். கிளிசரின் இல்லாவிட்டால் காம்புத் தோல் வறண்டு வெடிக்கும். சிறு கிண்ணத்தில் மருந்தை ஊற்றி, காம்பு முழுவதும் முங்கும்படி பிடித்தெடுங்கள். மீந்ததைப் புட்டியில் திருப்பி ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். சாணம் கலந்த மருந்து மருந்தல்ல. கன்றுக்கு மீதிப் பால் விடுபவர்கள் கன்று குடித்து முடித்த பிறகு நனைக்க வேண்டும். அடுத்த கறவைக்கு முன் காம்பைக் கழுவித் துடைக்க மறக்கக்கூடாது.

இதையெல்லாம் முடித்துக் கட்டுத்தறிக்குக் கொண்டுவந்தவுடன் மாடு படுத்துவிட்டால் பாதி வேலை வீண். தீவனத்தைக் கறப்பதற்கு முன் கொட்டுவதை நிறுத்தி, கறந்த பின் பசுந்தீவனமோ வைக்கோலோ போடுங்கள். தின்று முடிக்கும்வரை அது நின்றுகொண்டிருக்கும், காம்பின் வாசலும் மூடிவிடும்.

வாளி வைத்த சிறு இயந்திரம் வைத்திருப்பவர்கள் வெற்றிட அளவையும் துடிப்பின் எண்ணிக்கையையும் நிறுவியவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்பது வழக்கம். காம்பைப் பிடிக்கும் ரப்பர்க் குழல்களை வெடிப்பு விழும்வரை வைத்திருக்கக்கூடாது. சுமார் 2500 கறவைக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பத்து மாட்டை ஒரே குழல் தொகுதியால் இருவேளை கறந்தால் நாளுக்கு இருபது கறவை, அதாவது நான்கு மாதத்துக்கு ஒரு மாற்றம். பால் நின்ற பிறகும் குழலைத் தொங்கவிடுவதும், வெற்றிடத்தை நிறுத்தாமல் பிடுங்குவதும் காம்பு நுனியைக் கெடுக்கும்.

தரை

மாடு படுக்கும் இடத்தில் உங்கள் முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் இருங்கள். வேட்டி நனைந்தால் மடியும் நனைகிறது. சாய்வான தரை, தினம் இருமுறை சாணம் அள்ளுதல், மூத்திரம் தேங்காத வடிகால் ஆகியவற்றுக்கு மாற்று எதுவும் இல்லை. படுக்கைக்கு மணலே சிறந்தது, ஏனெனில் அதில் கிருமி உண்ண எதுவும் இல்லை. மரத்தூள் நனைந்தால் கிளெப்சியெல்லாவுக்கு விருந்து. மழைக்காலத்தில் தரையைப் பெருக்கி உலர்த்திச் சுண்ணாம்புத் தூள் தூவலாம். ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அதன் அடியையும் வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவுங்கள். மேற்புறத்தை மட்டும் கழுவும் விரிப்பின் கீழே என்ன இருக்கும் என்று ஒருமுறை தூக்கிப் பார்த்தால் பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை. ஈக்கள் காம்பு நுனியில் புண்ணாக்கிக் கிடேரிகளுக்கும் கிருமியைக் கொண்டுவருவதால் சாணக் குழி கொட்டகையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். வைட்டமின் ஈயும் செலினியமும் குறைந்த மாட்டுக்கு மடிநோய் கடுமையாக வரும் என்பதால் தாது உப்புக் கலவையைச் சினைமாட்டுக்கும் வற்றிய மாட்டுக்கும் நிறுத்தாதீர்கள்.

நோய் வந்துவிட்டால்

கறுப்புத் துணியில் திரி தெரிந்த அன்றே காய்ச்சல்மானியை எடுத்துப் பாருங்கள். பசுவின் இயல்பான வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். காய்ச்சல், தீனி எடுக்காமை, பால் தண்ணீராக மாறுதல், காதும் காலும் சில்லிடுதல், எழ முடியாமை ஆகியவை சேர்ந்தால் அது ஈ.கோலை போன்ற கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்ததன் அறிகுறியாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே மாட்டை இழக்க நேரும். காம்பு நீலம் பாரித்துக் குளிர்ந்துபோனால் மடி அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டிலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. மருத்துவரையோ 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையோ உடனே அழையுங்கள்.

மருந்து போடுவதற்கு முன் பால் மாதிரி எடுத்துவைப்பது, பின்னால் வரும் குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும். காம்பு நுனியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்குப் படிவது நிற்கும்வரை துடையுங்கள். துடைக்கும்போது தொலைவில் உள்ள காம்பில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது அருகில் உள்ளதில் தொடங்க வேண்டும், அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. முதல் பீய்ச்சலை விலக்கி, கிருமி நீக்கிய புட்டியைச் சாய்த்துப் பிடித்துச் சில மில்லி எடுத்து, பனிக்கட்டிக்குள் வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் அரசு நோய் புலனாய்வுப் பிரிவுகளிலும் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்வார்கள். கடையில் கேட்டு வாங்கிய ஊசியை இரண்டு நாள் போட்டுவிட்டு, கேட்கவில்லை என்று வேறொன்றை மாற்றுவதுதான் தீராத மடிநோய்க்கு நேர்வழி.

மடிக்குள் செலுத்தும் டியூப்பை மருத்துவர் நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவது உண்டு. காம்பைக் கடைசிவரை கறந்து வெறுமையாக்கி, நுனியை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, டியூப்பின் முனையைச் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து மருந்தை அழுத்துங்கள். முழு நீளமும் திணித்தால் உள்ளே காக்கும் மெழுகை அதுவே கிழித்துக்கொண்டு போகும். ஒரு டியூப் ஒரு காம்புக்கு மட்டுமே. பால் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் சொன்ன நாட்கள்வரை போட வேண்டும்.

மருந்திட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பது உறையில் எழுதியிருக்கும். எழுதப்படாத மருந்துக்குக் குறைந்தது 7 நாள் என்று இந்திய மருந்து விதிகள் சொல்கின்றன. ஒரு காம்பில் மட்டும் டியூப் போட்டிருந்தாலும் நான்கு காம்பின் பாலையும் விலக்க வேண்டும், மருந்து இரத்தத்தின் வழியே மற்றக் காம்புகளுக்கும் போகும். நம் வீட்டிலேயே, உறை ஊற்றிய பால் இரவெல்லாம் வைத்தும் தயிராகாமல் போனதற்கு ஒருமுறை இதுதான் காரணமாக இருந்தது. தயிரைக் கெடுக்கும் மருந்து குழந்தையின் வயிற்றில் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்த பிறகு நாள் கணக்கில் நான் சலுகை காட்டுவதில்லை. விலக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டாமல், பிளீச்சிங் பவுடர் போட்டுக் குழியில் ஊற்றிவிடுங்கள்.

மூலிகை மருந்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிவரும் முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் சேர்த்துச் சிவந்த விழுதாக அரைத்து, ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுவதும் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும், கூடவே எலுமிச்சம்பழம் தின்னக் கொடுக்க வேண்டும். தொடக்கநிலை வீக்கத்தில் இதனால் பயன் கண்டிருக்கிறேன். பத்து முறை என்பதை இரண்டு முறையாகச் சுருக்கிவிட்டுப் பலனில்லை என்பவர்களையும் கண்டிருக்கிறேன். காய்ச்சலோடு படுத்துவிட்ட மாட்டுக்கு இதை நம்பி ஒரு பொழுதைக்கூடக் கழிக்க வேண்டாம்.

வற்றுக்காலம்

பால் வற்றிய அறுபது நாளில் மடிநோய்க்கு வேலையில்லை என்று தோன்றும். உண்மையில் வற்றவிட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களும், கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களுமே புதிய தொற்று அதிகம் புகும் காலம். அதே சமயம், கறவையில் இருக்கும்போது கேட்காத ஸ்டெபைலோகாக்கஸைத் துரத்துவதற்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பும் இதுதான், ஏனெனில் நீண்ட நாள் நிற்கும் மருந்தை மடிக்குள் விட்டுவைக்கலாம்.

ஈனும் நாளுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது நோட்டைப் பார்த்து, நான்கு காம்பையும் சோதியுங்கள். அடர்தீவனத்தைச் சில நாள் குறைத்து, பால் இறங்கியதும் ஒரே நாளில் கறவையை நிறுத்துவது நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் கறந்து இழுத்துக்கொண்டே போவது, மூட வேண்டிய வாசலைத் திறந்து திறந்து வைப்பதாகும். கடைசிக் கறவை முடிந்ததும் வற்றுக்கால டியூப் போட்டு, காம்பை நனைத்து, மாட்டின் பெயருக்கு எதிரே தேதி எழுதுங்கள். எல்லா மாட்டுக்கும் போடுவதா, சோதனையில் கூழ் காட்டிய மாட்டுக்கு மட்டுமா என்பதில் கருத்து மாறிவருகிறது. நோயில்லாத மாட்டுக்கும் வழக்கமாக மருந்திடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் தடுத்துவிட்டது. சுத்தமான மாட்டுக்குக் காம்புவாயை அடைக்கும் பிஸ்மத் பசையை மட்டும் இடுகிறார்கள். நம் பண்ணையில் மாதச் சோதனை நோட்டு இருந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்; நோட்டே இல்லாதவர் எல்லா மாட்டுக்கும் போட்டுவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

நிறுத்திய பிறகு மடி சில நாள் பெருத்து நிற்கும். பயந்து கறந்துவிடாதீர்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு காம்பு மட்டும் தனியாகச் சிவந்து சுட்டால்தான் தொட வேண்டும்.

கழிப்பதும் வாங்குவதும்

வற்றுக்கால மருந்துக்குப் பிறகும் அதே காம்பு மூன்று மாதம் தொடர்ந்து கூழ் காட்டினால், அல்லது தடவும்போது கல்மடியாக உள்ளே முடிச்சுகள் தட்டுப்பட்டால், அங்கே மருந்து எட்டாத சிறு சீழ்க்கட்டிகளுக்குள் கிருமி ஒளிந்திருக்கிறது. வயதான மாடாக இருந்தால் இன்னும் ஒரு சுற்று மருந்துக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. கழிக்கும்வரை அதைக் கடைசியில் கறந்துகொண்டிருங்கள். விற்கும்போது காம்பின் நிலையைச் சொல்லி விற்பது நாளை வாங்கப்போகும் நமக்கும் நல்லது.

முதலில் சொன்ன அந்தப் பின்பக்க இடது காம்பு வற்றுக்கால மருந்தில் தெளிந்தது. ஆனால் மறு ஆண்டே, சந்தையில் சோதிக்காமல் நான் வாங்கிவந்த ஒரு மாடு எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொண்டு நிறுத்தியது. வாங்கப் போகும்போது இப்போது தட்டும் கரைசலும் பையில் இருக்கும். விற்பவர் வீட்டுக்கே, காலைக் கறவைக்கு முன் போய், மடி வெறுமையாகும்வரை கூடவே நிற்கிறேன். கறந்தபின் மடி தளர்ந்து சுருங்க வேண்டும், எங்கும் கெட்டியாக நிற்கக் கூடாது. சோதித்துப் பார்க்க விடாதவரிடம் முன்பணம் தருவதில்லை. வீட்டுக்கு வந்த மாட்டைத் தனியே கட்டி, கடைசியாகக் கறந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு சோதனையில் நான்கு கிண்ணமும் தெளிவாக இருந்த பிறகே வரிசையில் முன்னே கொண்டுவருகிறேன்.